14 பேர் குழு, பேசுவது 3 பேர்: மற்றவர்களை எப்படிப் பேச வைப்பது?

கணக்குநோட்டு (பாப்பிரெட்டிப்பட்டி பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவில் நான் ஒரு உறுப்பினர், கணக்கும் எழுதுகிறேன். மொத்தம் 14 பேர். சேமிப்பு ஒழுங்காக வருகிறது, உறுப்பினர்களுக்குக் குழு கொடுக்கும் உள்கடன் தவணை நிற்பதில்லை, வங்கிக் கடனும் கட்டி வருகிறோம். பணத்தில் குறை இல்லை, பேச்சில்தான் குறை.

எங்கள் ஊக்குநர் (குழுவை முன்னின்று நடத்துகிறவர்) அக்கா நேர்மையானவர், நல்ல உழைப்பாளி. கூட்டம் ஆரம்பித்தால் விஷயத்தை அவரே சொல்வார், வழியையும் அவரே சொல்வார், "என்ன, சரிதானே?" என்று கேட்பார். 2 பிரதிநிதிகளும் தலையாட்டுவார்கள். மற்றவர்கள் "நீங்க சொன்னா சரிதாங்க்கா" என்பார்கள். நான் தீர்மானப் புத்தகத்தில் "ஒருமனதாக" என்று எழுதுவேன். எழுதி முடித்துக் குழாயடிக்கு வந்தால், அங்கேதான் நிஜமான கூட்டம் நடக்கும். "இது சரிப்பட்டு வராதுடி" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அதில் பாதிப் பேச்சு நியாயமாகவும் இருக்கும்.

இப்போது பெரிய முடிவு ஒன்று வந்திருக்கிறது. வங்கிக் கடனில் ஒரு பகுதியை வைத்துப் புளி வாங்கி, கொட்டை எடுத்து, குளிர்பதனக் கிடங்கில் போட்டு, விலை ஏறும்போது விற்கலாம் என்கிறார் அக்கா. நல்ல யோசனையாகவே இருக்கலாம். ஆனால் நான்கைந்து பேர் உள்ளுக்குள் பயப்படுகிறார்கள். கடன் என்னவோ 14 பேர் தலையிலும்தான். அக்கா மனம் நோகாமல் எல்லோரையும் வாய் திறக்க வைக்க என்ன வழி?

பழைய_களப்பணி (தர்மபுரி)

நல்ல கேள்வி, தங்கச்சி. நம் மாவட்டத்துக்கு ரொம்பப் பொருத்தமான கேள்வியும்கூட. தமிழ்நாட்டில் அரசு முன்னின்று மகளிர் குழுக்களைத் தொடங்கியது 1989 செப்டம்பரில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரிக்குள் இருந்தது, 2004ல்தான் பிரிந்தது. பிறகுதான் சேலம், மதுரை என்று பரவி மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் போயிற்று. நான் 90களில் இந்தப் பக்கக் கிராமங்களில் குழு அமைக்கும் வேலை பார்த்தவன்.

குழு 20 பேரைத் தாண்டக் கூடாது என்று அப்போது கறாராகச் சொல்வோம். 20 பேருக்கு மேல் சேர்ந்து லாப நோக்கில் தொழில் செய்தால் பதிவு செய்ய வேண்டும் என்று 1956 கம்பெனிச் சட்டத்தில் இருந்தது அதற்கு ஒரு காரணம். களத்தில் எங்களுக்குத் தெரிந்த காரணம் வேறு. 15 பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியும். 30 பேர் என்றால் வரிசை வந்துவிடும், வரிசை வந்தால் முன்னால் நிற்க ஒருவர் வந்துவிடுவார்.

தலைமையைச் சுழற்சியில் மாற்றுங்கள் என்றுதான் அன்றைக்கும் சொன்னோம். பல குழுக்கள் காகிதத்தில் மாற்றும், நடப்பில் பழைய ஆளே. அதனால் ஆளை மாற்றுவதற்கு முன்னால் கூட்டத்தின் முறையை மாற்றுங்கள். ஒரே ஒரு மாற்றம் போதும்: யோசனை யாருடையதோ, அவர் கடைசியில் பேச வேண்டும்.

மத்தூர்_மாந்தோப்பு

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் விவசாயிகள் 11 பேர் சேர்ந்து மாங்காயைக் கூழ் ஆலைக்கு அனுப்புகிறோம். சீசனில் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. வண்டியில் பழம் ஏறி நிற்கும்போது 11 பேரையும் உட்கார வைத்து ஆளுக்கொரு கருத்து கேட்டால் பழம் அழுகிப் போகும். யாராவது ஒருவர் முடிவு எடுக்கத்தான் வேண்டும். அந்த அக்கா நேர்மையானவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். நேர்மையான ஆள், வேலை தெரிந்த ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அவரைப் போய்த் தொந்தரவு செய்வானேன்?

வகுப்பறை_அரூர்

மத்தூர் அண்ணன் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி எது என்பதை ஒரு பழைய சோதனை நன்றாகவே காட்டியிருக்கிறது. நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் அலெக்ஸ் பாவலஸ், ஹரால்ட் லெவிட் என்ற இருவர் சிறு குழுக்களில் பேச்சு எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்தார்கள். 1951ல் லெவிட் வெளியிட்ட சோதனை இது. 5 பேர், நடுவே தடுப்பு. ஒவ்வொருவரிடமும் சில குறிகள் உள்ள அட்டை. எல்லோரிடமும் பொதுவாக இருக்கும் குறி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பேசக் கூடாது, துண்டுச்சீட்டு மட்டும் அனுப்பலாம். சில குழுக்களில் எல்லாச் சீட்டும் நடுவில் இருக்கும் ஒருவர் வழியாகத்தான் போகும். சிலவற்றில் வட்டமாக, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் போகும். ஒருவர் வழியாகப் போன குழுக்கள் வேகமாக முடித்தன, தவறும் குறைவு. வட்டக் குழுக்கள் நிறையச் சீட்டு அனுப்பின, தவறும் அதிகம். ஆனால் வேலை பிடித்திருந்ததா என்று கேட்டால், வட்டத்தில் இருந்தவர்களுக்குப் பிடித்திருந்தது. மற்றதில் நடுவில் இருந்தவருக்கு மட்டும்தான் பிடித்திருந்தது, ஓரத்தில் இருந்தவர்களுக்குச் சலிப்பு.

கதை அதோடு முடியவில்லை. பின்னால் மார்வின் ஷா என்பவர் சிக்கலான கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார். அப்போது முடிவு தலைகீழானது. நடுவில் இருந்தவரால் அத்தனை தகவலையும் தாங்க முடியவில்லை. எல்லோரும் எல்லோரோடும் பேச முடிந்த குழுக்களே முந்தின.

அண்ணா, உங்கள் வண்டியில் பழம் ஏறி நிற்பது எளிய கணக்கு. விலை என்ன, கொடுக்கலாமா வேண்டாமா, அவ்வளவுதான். ஒருவர் சொன்னால் போதும். கடன் வாங்கிப் புளியில் போடலாமா என்பது அப்படியில்லை. ஈரம் எவ்வளவு என்று ஒருத்திக்குத் தெரியும், கிடங்கு வாடகை இன்னொருத்திக்குத் தெரியும், எந்த மாதம் வீட்டில் பணம் முடையாகும் என்று அவரவருக்குத்தான் தெரியும். அத்தனையும் அந்த அக்கா ஒருவர் தலைக்குள் இருக்க வாய்ப்பே இல்லை.

மத்தூர்_மாந்தோப்பு

சரி, இது எனக்குப் புரிகிறது. எங்களிடமும் எந்த ஆலைக்குப் போடுவது என்று சீசனுக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்துதான் பேசுவோம். சீசனில்தான் ஒருவர் கையில் விடுவது. அப்போதும் "இந்த விலைக்குக் கீழே இறங்காதே" என்று எல்லை போட்டுத்தான் விடுவோம். புளிக்கும் அப்படியே செய்யலாமே? எவ்வளவு பணம், என்ன விலை வரை என்று 14 பேரும் முடிவு செய்யட்டும். அதற்குள் வாங்குவதை அக்காவும் இன்னொருவரும் பார்த்துக்கொள்ளட்டும்.

பழைய_களப்பணி

அருமையாகச் சொன்னீர்கள் தம்பி. எல்லை போடுவது குழுவின் வேலை, எல்லைக்குள் ஓடுவது தலைவியின் வேலை.

லைன்_லீடர்_ஓசூர்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கிறேன். எங்கள் லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இப்போது இந்தி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஷிப்ட் தொடங்கும் முன் சின்னதாக ஒரு கூட்டம் போடுவோம். "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இல்லை சார்" என்பார்கள். அதையே "நேற்று எந்த இடத்தில் வேலை நின்றது?" என்று கேட்டால் பதில் வரும். முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும், இரண்டாவதற்குச் சொன்னால் நடந்ததைச் சொன்ன மாதிரிதான்.

உங்கள் கூட்டத்திலும் "சரிதானே?" என்ற கேள்வியை எடுத்துவிட வேண்டும். அதற்கு ஆமாம் என்ற பதிலைத் தவிர வேறு பதில் கிடையாது. "புளி பற்றி உனக்குத் தெரிந்த ஒரு விஷயம் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். கருத்து சொல்லத் தயங்குகிறவர்கள்கூடத் தெரிந்ததைச் சொல்லத் தயங்க மாட்டார்கள்.

ஜப்பானில் 1962ல் கௌரு இஷிகாவா முயற்சியால் தரவட்டங்கள் (வேலையின் தரம் பற்றித் தொழிலாளர்களே கூடிப் பேசும் சிறு குழுக்கள்) தொடங்கின. அதன் அடிப்படையே இதுதான். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் அதன் சத்தம் மாறுவது முதலில் தெரியும், அவனை வட்டத்தில் உட்கார வைத்துக் கேள் என்பது. எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேசுவார், நான் கடைசி. நான் முதலில் பேசினால் மற்றவர்கள் சொல்வதெல்லாம் நான் சொன்னதன் நகலாகத்தான் இருக்கும்.

தெரு_முனை (காரிமங்கலம்)

யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். கூட்டம் எங்கே நடக்கிறது? யார் எங்கே உட்காருகிறார்கள்?

கணக்குநோட்டு

அக்கா வீட்டுத் திண்ணையில். திண்ணையில் ஆறேழு பேர் உட்காரலாம், மற்றவர்கள் கீழே வாசலில். வசதிக்காக அப்படியே பழகிவிட்டது.

தெரு_முனை

கீழே உட்காருகிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று பார்த்தீர்களா? எல்லா ஊரிலும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த பல குழுக்களில் திண்ணை யாருக்கு, வாசல் யாருக்கு என்பது கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே முடிவாகியிருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கீழே உட்கார்ந்திருப்பவள் மேலே இருப்பவளிடம் "இல்லக்கா, இது வேண்டாம்" என்று எப்படிச் சொல்வாள்? அங்கன்வாடியோ பள்ளிக்கூட வராந்தாவோ, யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் தரையில் வட்டமாக உட்காருங்கள். மற்ற உபாயமெல்லாம் அதற்கு அப்புறம்.

கணக்குநோட்டு

உண்மைதான். கீழே உட்காருகிற 7 பேரில் 5 பேர் ஒரே தெரு. இவ்வளவு நாள் இதை ஒரு விஷயமாகவே யாரும் எடுக்கவில்லை. அங்கன்வாடியில் கேட்டுப் பார்க்கிறேன்.

ஊக்குநர்_மகள் (பென்னாகரம்)

எல்லோரும் பேசாதவர்கள் பக்கமிருந்தே பேசுகிறீர்கள். என் அம்மா ரொம்ப வருடமாக ஊக்குநர். அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

வங்கிக்குப் போக வேண்டும் என்றால் எல்லோரும் அம்மாவைப் பார்ப்பார்கள். அன்றைய கூலி போகும், பஸ் செலவு கையை விட்டுப் போகும். ஒரு வங்கிக் கிளையில் காலையிலிருந்து உட்கார வைத்துவிட்டு "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினார்கள், அதை அம்மா வீட்டில் சொல்லிச் சொல்லி அழுதார். யாராவது தவணை கட்டாவிட்டால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று பேச்சு வாங்குவதும் அம்மாதான். கூட்டத்தில் அம்மா ஒன்றைக் கேட்பார், ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள், அந்த மௌனம் தாங்காமல் அவரே பதிலையும் சொல்லிவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் அதிகாரம் மாதிரிதான் தெரியும். அவருக்கு அது தனியாகச் சுமக்கிற பாரம்.

அதனால் "நீங்கள் குறைத்துப் பேசுங்கள்" என்று மட்டும் உங்கள் அக்காவிடம் சொல்லாதீர்கள். வேலையையும் பிரித்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு இந்த மாதம் இருவர், அடுத்த மாதம் வேறு இருவர். பல குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்பின் கூட்டத்துக்கு இன்னொருவர். வேலையில் பங்கு எடுக்காதவர்களுக்குப் பேச்சிலும் பங்கு வராது. வங்கி மேலாளரிடம் ஒரு தடவை பேசிவிட்டு வந்தவள் குழுக் கூட்டத்தில் வாய் மூடி உட்கார மாட்டாள், இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கேள்வி கேட்டால் காத்திருக்க வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். எட்டு, ஒன்பதில் யாராவது பேசிவிடுவார்கள்.

பழைய_களப்பணி

மகளே, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் போல எழுதிவிட்டீர்கள். இந்தப் பதிவை அப்படியே அந்த அக்காவுக்குப் படித்துக் காட்டலாம்.

வகுப்பறை_அரூர்

குழாயடிப் பேச்சு ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. 1950களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்தது. கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும், குழந்தைக்குக்கூட விடை தெரியும். ஆனால் உடன் இருக்கும் எல்லோரும், முன்பே பேசி வைத்துக்கொண்டு, ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். அப்போது சோதனைக்கு வந்தவர் சொன்ன விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் கூட்டத்தோடு சேர்ந்தே தவறாகப் போயின. ஆனால் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், அந்தத் தவறு சுமார் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

உங்களுக்குத் தேவையானது அந்த ஒருத்திதான். அவள் தானாக எழுந்து வர மாட்டாள். அதனால் கூட்டத்துக்கு முன்பே இரண்டு பேரிடம் பொறுப்பாகக் கொடுத்துவிடுங்கள்: "இந்தத் திட்டத்தில் எங்கெல்லாம் நஷ்டம் வரலாம் என்று பார்த்து வந்து சொல்ல வேண்டியது உங்கள் வேலை." குழு கொடுத்த வேலை என்பதால் அவர்கள் அக்காவை எதிர்த்ததாக ஆகாது. அந்த வேலையை அக்காவே கையால் கொடுத்தால் இன்னும் நல்லது.

லைன்_லீடர்_ஓசூர்

ஒரு சின்னக் கேள்வி: வாட்ஸ்அப் குழு இருக்கிறதா? அதில் முடிவு எடுக்கிறீர்களா?

கணக்குநோட்டு

இருக்கிறது. 4 பேரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. அவசரம் என்றால் அதில் கேட்டு முடிவு செய்வது உண்டுதான்.

லைன்_லீடர்_ஓசூர்

தகவல் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் படத்தைப் போட்டு ஒரு கடனுக்குச் சம்மதம் வாங்கக் கூடாது. அந்த 4 பேரும் அதே கடனைக் கட்டப் போகிறவர்கள்.

கணக்குநோட்டு

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் நடந்தது, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அக்காவிடம் தனியாகப் போய்ப் பேசினேன். பென்னாகரம் தோழி எழுதியதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "எவளும் வாயைத் தொறக்கறதில்ல, நான் என்ன பண்றது" என்றார். வேலையைப் பிரிக்கலாம் என்றதும் முகம் தெளிந்தது. குறை கண்டுபிடிக்க இருவரை அவரே தேர்ந்தெடுத்தார். கூட்டத்தை அங்கன்வாடியில் தரையில் பாய் விரித்துப் போட்டோம். முதல் பத்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு இருவர் இருவராகப் பேசச் சொன்னோம். பிறகு குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரிலிருந்து தொடங்கி ஆளுக்கு ஒரு விஷயம், "புளி பற்றி உனக்குத் தெரிந்தது".

என்னவெல்லாம் வந்தது தெரியுமா! ஒருத்தியின் கணவர் மண்டியில் மூட்டை தூக்குகிறார். தை மாதம் வருகிற புதுப்புளியில் ஈரம் அதிகம், காய்ந்தால் எடை இறங்கும், அந்த நஷ்டத்தை விலையில் கழித்துத்தான் வாங்க வேண்டும் என்றாள். இன்னொருத்தி மரத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பழக்கப்பட்டவள், மண்டியில் வாங்குவதைவிட மரத்தடியிலேயே வாங்கினால் என்ன என்று கேட்டாள். பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டுகிற ஆனி மாதத்தில் தவணை வந்தால் கட்ட முடியாது என்று மூவர் சொன்னார்கள். வாசலில் உட்காருகிற ஒரு பெண், கூட்டத்தில் அவர் குரலையே நாங்கள் கேட்டதில்லை, மெதுவாகக் கேட்டார்: "ஓடு ஒடச்சு, நார் எடுத்து, கொட்டை எடுக்கறது யாரு? நாமதானே? அதுக்குக் கூலி உண்டா, இல்ல லாபத்துல சேர்ந்துருமா?"

யாரிடமும் பதில் இல்லை. வெளியில் இந்த வேலைக்குப் போனால் கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் எங்களில் பாதிப் பேர். அக்கா போட்ட லாபக் கணக்கில் அந்தக் கூலியே இல்லை. "இது எனக்குத் தோணவேயில்லையே" என்று அவரே சொன்னார். கூலியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் லாபம் நன்றாகவே குறைந்தது, ஆனாலும் இருந்தது.

கடைசியில் வாக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருப்பதால் பானையில் துணி மூடி, சம்மதம் என்றால் புளியங்கொட்டை, வேண்டாம் என்றால் கூழாங்கல். முதல் தடவை முழுத் தொகைக்கு வைத்தோம். கொட்டையும் கல்லும் ஏறக்குறைய சரிபாதி! பழைய முறையில் இதையும் நான் "ஒருமனதாக" என்றுதான் எழுதியிருப்பேன். பிறகு பாதித் தொகைக்கு, வாங்கும் விலைக்கு உச்சவரம்பு போட்டு, மாசி கடைசியில் காய்ந்த சரக்காக வாங்குவது, கொட்டை எடுக்கிறவர்களுக்கு ஊர்க் கூலி என்று வைத்தோம். 2 கல் மட்டும் விழுந்தது. அதையும் தீர்மானத்தில் அப்படியே எழுதினேன்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு பிரதிநிதிக்கு மனவருத்தம். "முன்னெல்லாம் அரை மணியில முடிஞ்சது" என்கிறார். நிஜமாகவே இந்தக் கூட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. அடுப்பு வேலை கிடக்கிறது என்று இருவர் பாதியில் எழுந்தார்கள், வாக்கு முடிந்த பிறகுதான் விட்டோம்.

வகுப்பறை_அரூர்

நேரம் பற்றி: ஒவ்வொரு கூட்டத்தையும் இப்படி நடத்த வேண்டாம். சேமிப்பு வசூல், தவணை, கணக்கு வாசிப்பு எல்லாம் பழையபடி சீக்கிரம் முடியட்டும். புதுக் கடன், புதுத் தொழில், பெரிய தொகை என்று வந்தால் மட்டும் வட்டமாக ஒரு சுற்று. அந்த விஷயத்தை முந்தின கூட்டத்திலேயே அறிவித்துவிடுங்கள், வீட்டில் யோசித்து வருவார்கள். அந்தப் பிரதிநிதிக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள், நேரம் பார்ப்பதை அவரிடமே விடலாம்.

தெரு_முனை

கூலி பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணைப் புளி வாங்கப் போகும் இருவரில் ஒருவராகப் போடுங்கள். கேட்டதோடு நிறுத்திவிட்டால் அடுத்த கூட்டத்தில் மறுபடி ஓரத்துக்குப் போய்விடுவார்.

கணக்குநோட்டு

அக்காவும் அதையே சொன்னார். அந்தப் பெண்ணும் மரக் குத்தகை தெரிந்தவரும் அரூர் பக்கம் போய் விலை விசாரித்து வருகிறார்கள். பஸ் செலவும் அன்றைய கூலியும் குழுக் கணக்கில்.

மத்தூர்_மாந்தோப்பு

கிடங்கில் போடும்போது ரசீது யார் பெயரில் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். தனி ஆள் பெயரில் இருந்தால் சரக்கை எடுக்கும் நாளில் தகராறு வரும்.

கணக்குநோட்டு

இதை நாங்கள் பேசவே இல்லை அண்ணா. வங்கிக் கணக்குக்கு மூவரில் இருவர் கையெழுத்து என்று இருக்கிறது, அதே மாதிரி ரசீதையும் குழு பெயரில் வாங்கி, சரக்கை எடுக்க இருவர் கையெழுத்து என்று கிடங்கில் எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முதல் விஷயமாக இதைப் பலகையில் எழுதி வைத்துவிட்டேன்.